கன்னிமூலைத் தொட்டியின் நிழல்

ஊரப்பாக்கம் ஏரிக்கரை மூன்றாவது குறுக்குத் தெருவில் தயாளன் புதிதாகக் கட்டிய வீட்டின் தண்ணீர்த் தொட்டி நிழல், ஒரு தை மாதம் பத்தாம் தேதி, வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு மொட்டைமாடியை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் கீரை விற்கும் அங்காளம்மாளின் மேல் போய் விழுந்தது. நேரம் இவ்வளவு கறாராகத் தெரிவதற்குக் காரணம், அப்போதுதான் கரண்ட் போய், தெருவே வாசலுக்கு வந்து நின்றதுதான். நேரில் பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் ‘கரண்ட் எப்ப வரும்?’ என்றுதான் கேட்டார்கள். நிழல் அவசரப்படவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் மடிந்து, சுவரோடு வழுக்கி, சாக்கடை மூடியைத் தாண்டி, ஒரு பால் வண்டி போகும் வரை ஓரமாக நின்று, பிறகு குறுக்கே சென்றது. வட்டமான உடம்பு, மேலே மூடியின் குமிழ், கீழே நாலு தூண் கால்கள். தொட்டி மட்டும் மேலேயே, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டவர் போல, வெயிலில் நிழலில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

தயாளன் ஊரப்பாக்கத்துப் பழைய குடும்பம். அப்படிச் சொன்னால் பெரிய பண்ணை என்று நினைத்துவிடக் கூடாது. இருந்த நிலமெல்லாம் பிளாட் ஆகி, அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பிரிந்து, இவர் பங்குக்குக் கடைசியில் நின்றது அறுநூறு சதுர அடி. அதையும் பல வருஷம் வெறுமனே போட்டுவைத்து, சிட்லபாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தன் மனையில் புதிதாக யார் குப்பை கொட்டியிருக்கிறார்கள் என்று பார்வையிட்டுப் போவார். பிழைப்பு தாம்பரத்தில். ஓர் அரசு அலுவலக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தருவது எல்லாம் சேர்ந்த ஒரு கடை. எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருப்பார். மனு எழுத வருகிறவர்கள் அழுதுகொண்டே வந்து சிரித்துக்கொண்டே போவதாகப் பெயர். மனு பலித்ததா என்பது வேறு விஷயம்.

புதுவீடு கட்டுகிறவர்கள் மாடியில் சோலார் பேனலுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும், காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை அந்த இடத்தில் நிழல் விழக் கூடாது, அங்கிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு வெறும் குழாய் பதித்து வைக்க வேண்டும், பேனலை இப்போதே வாங்க வேண்டியதில்லை, வீடு தயாராக இருந்தால் போதும் என்று ஒரு விதி வந்திருந்தது. அந்த விதியைத் தயாளன் நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். குறைந்தது மூவாயிரம் பிரதி இருக்கும். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஜெராக்ஸ் எடுப்பவர் படிக்க ஆரம்பித்தால் வரிசை நகராது என்பது அவர் கொள்கை. இன்ஜினியர் போட்டுக்கொடுத்த பிளானில் பேனலுக்கு நடு மாடியில் ஒரு சதுரம் இருந்தது, தொட்டி வடக்கு ஓரம் இருந்தது. தயாளன் சதுரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் தென்மேற்கு மூலைக்கு மாற்றினார். மாற்றச் சொன்னது மனைவி சந்திரிகா.

சந்திரிகா அந்த வீடு முழுக்கவும் கேட்டது அது ஒன்றுதான். கன்னிமூலையில் தொட்டி இருக்க வேண்டும், அதுவும் படிக்கட்டு அறையைவிட உயரமாக. டைல்ஸ் என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. சிட்லபாக்கத்து வாடகைப் போர்ஷனில் தொட்டி வடகிழக்கில், இவர்கள் படுக்கையறைக்கு நேர் மேலே இருந்தது. அங்கே இருந்த பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு மூன்று முறை நாள் தள்ளிப்போய், மூன்றும் ஐந்தாம் மாதத்துக்குள் கலைந்தது. மூன்று டாக்டர்கள் மூன்று காரணம் சொன்னார்கள், எல்லாமே அவள் உடம்புக்குள் இருந்தன. பிறகு ஒரு நாள் வீட்டு உரிமையாளர் ஸ்ரீரங்கன் வேறு காரியமாக அழைத்து வந்த வாஸ்துக்காரர் ஒருவர், செருப்பைத் தேடிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, ஈசானியத்தில் இவ்வளவு பாரம் இருந்தால் குழந்தை எப்படித் தங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியா தப்பா என்ற விவாதம் இங்கே வேண்டாம். காரணம் என்று விரல் நீட்ட மேலே ஒரு பொருள் இருந்தது, அது அவளாக இல்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சந்திரிகா பல மாதங்களுக்குப் பிறகு தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். தயாளனுக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. சந்திரிகாவிடம் உண்டு.

வீடு முடிந்து பார்வையிட வந்த உதவிப் பொறியாளர் ஜெரூஷாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடி ஏறி, சூரியன் எந்த மணிக்கு எங்கே நிற்கும் என்று காட்டும் ஒன்றைப் போனில் திறந்து, நடு மாடிச் சதுரத்தில் நின்றார். மதியம் பன்னிரண்டரை. தொட்டியின் நிழல் சதுரத்தின் ஓரத்தில் காலை வைத்திருந்தது. ஒரு மணிக்குப் பாதி ஏறியது. இரண்டு மணிக்குள் படுத்துக்கொண்டது.

“நிழல் விழுது சார். இது பாஸ் ஆகாது.”

“பேனலே இல்லாத எடம் மேடம். நெழல் விழுந்தா யாருக்கு நஷ்டம்?”

“இல்லாட்டியும் வீடு ரெடியா இருக்கணும். ரூல் அதான்.”

“ரெடியா இருக்கறதுல எங்கள அடிச்சிக்க ஆளே கெடையாது மேடம். பத்தொம்பது வருஷமா ரெடியாவே இருக்கோம்” என்றார் தயாளன். தமாஷ் மாதிரிதான் ஆரம்பித்தார்.

ஜெரூஷா சிரிக்கவில்லை, கடுகடுக்கவும் இல்லை. தொட்டியை வடக்குப் பக்கம் நகர்த்தினால் அரை நாள் வேலை, நகர்த்திவிட்டுச் சொல்லுங்கள், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்தக் கையெழுத்து இல்லாமல் நிறைவுச் சான்றிதழ் இல்லை, அது இல்லாமல் வீட்டுக்கு நிரந்தரக் கரண்ட் இல்லை. சிட்லபாக்கத்தில் ஸ்ரீரங்கனின் மகள் சின்மயி வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்புகிறாள் என்பதால் மாசிக் கடைசிக்குள் போர்ஷனைக் காலி செய்தாக வேண்டும். ஸ்ரீரங்கன் இதைச் சொன்னபோது இவர்களைவிட அவர்தான் அதிகம் கூசிப்போனார். ஜெரூஷா சொன்ன எல்லாவற்றையும் சந்திரிகா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும்போது மின்சார ரயிலில், வண்டலூர் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “தொட்டிய நவுத்துனீங்கன்னா நான் அந்த வூட்டுக்கு வரல. கோவத்துல சொல்லல. சொல்லிடறேன், அவ்ளோதான்.”

தாம்பரம் வரும் வரை தயாளனுக்கு ஒரு தமாஷும் தோன்றவில்லை.

அடுத்த பத்து நாள் அவர் கடையை அரை நாளோடு மூடிவிட்டு வந்து மாடியில் சாக்பீஸும் கையுமாக நிழலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி சுப்பராயலுவும் கூடவே உட்கார்ந்திருந்தார். தொட்டியை இன்னும் உயர்த்தினால் நிழல் இன்னும் நீண்டது. தாழ்த்தினால் படிக்கட்டு அறை உயரமாகிவிடும், சந்திரிகாவுக்கு ஆகாது. சதுரத்தைத் தள்ளினால் படிக்கட்டு அறையின் நிழல் வந்து உட்கார்ந்தது. அறுநூறு சதுர அடியில் சூரியனுக்கும் வாஸ்துவுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்க முடியவில்லை. கடைசியில் சுப்பராயலு பீடியை அணைத்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

“மரத்த வெட்டறதுக்கு மின்னாடி நாளு அதுங்கைல சொல்லிட்டு வருவோம்ல, நாளைக்கு வெட்டப் போறோம், தப்பா எடுத்துக்காதன்னு. அத்த மாதிரி இதுங்கைலயும் ஒரு வார்த்த சொல்லிப் பாரு தயாளு. கேட்டா கேக்குது, கேக்காங்காட்டி இன்னா பூடும்?”

சுப்பராயலு எலுமிச்சம்பழம், கற்பூரம் என்ற அளவில்தான் யோசித்திருந்தார். தயாளன் தனக்குத் தெரிந்த வழியில் போனார். கடையில் உட்கார்ந்து ஒரு மனு தயாரித்தார். அனுப்புநர் இடத்தில் தன் பெயர். பெறுநர் இடத்தில், ‘உயர்திரு நிழல் அவர்கள், தண்ணீர்த் தொட்டி, தென்மேற்கு மூலை, மொட்டைமாடி’. பொருள்: ‘தினசரி காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை தாங்கள் வேறிடத்தில் இருந்து உதவக் கோருதல் - தொடர்பாக’. பார்வையில் விதி எண்ணைப் போட வேண்டியிருந்ததால் அன்றுதான் அந்த விதியை முதன்முதலாக முழுக்கப் படித்தார். முதல் பத்தியில் நிழலின் நற்குணங்களைப் புகழ்ந்தார். இரண்டாம் பத்தியில் தாங்கள் எங்கே விழுந்தாலும் தங்கள் கௌரவத்துக்குக் குறைவில்லை என்று எழுதினார். மூன்றாம் பத்தியில் வேடிக்கை நின்றுபோயிற்று. சந்திரிகாவின் மூன்று முறைகளையும் தேதியோடு எழுதினார். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தான் நர்சுகளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்ததையும், உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அப்படிச் செய்ததையும் எழுதினார். என் மனைவி ஒரு பாரத்தை அந்தத் தொட்டியில் ஏற்றிவைத்திருக்கிறாள், அதைக் கீழே இறக்கச் சொல்ல எனக்கு வாயில்லை, ஆகவே தாங்கள் பெரிய மனது செய்து நகர்ந்துகொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷம், லேமினேஷனும் செய்தார். வியாழக்கிழமை ஒரு மணிக்குக் கொண்டுபோய், சதுரத்தில் படுத்திருந்த நிழலின் மேல் வைத்து, காற்றுக்குப் பறக்காமலிருக்க அரைச் செங்கல்லை ஏற்றினார். நிழல் ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் மனுவின் மேல் கிடந்தது. பிறகு நடந்தது மேலே சொன்னது. வாழ்நாளில் தயாளன் சொன்ன ஒன்றை யாரும் தமாஷாக எடுத்துக்கொள்ளாதது அதுவே முதல் தடவை.

அங்காளம்மாள் முதலில் மேகம் என்று நினைத்தாள். எதிர்ச்சாரி வேப்பமரத்தைக் கால்வாய் அகலப்படுத்த வெட்டிய பிறகு அவளுக்கு நிழல் என்பதே கிடையாது. பத்து மணிக்கெல்லாம் கீரை தலையைத் தொங்கப்போட்டுவிடும், பதினொரு மணிக்கு அவளும். இப்போது அண்ணாந்து பார்த்தாள். மேகமில்லை. நிழலின் உருவத்தைப் பார்த்தாள், எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள்.

“தயாளு, இது உங்க வூட்டுதா?”

“ஆமாக்கா. கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும். தொந்தரவா கீதா?”

“எனக்கு இன்னா தொந்தரவு. ஜில்லுனு கீது. தண்ணி வாசன வருது” என்று சொல்லிவிட்டுக் கீரைக் கட்டுகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

மூன்று மணி அடித்ததும் நிழல் எழுந்து வந்த வழியே போனது. மறுநாள் காலை ஒன்பதுக்குத் திரும்ப இறங்கியது. மனுவில் கேட்டது ஒன்பது முதல் மூன்று, அதை அது ஒரு நிமிஷம்கூட மீறவில்லை. விடுமுறை பற்றி மனுவில் எதுவும் எழுதாததால் அரசு விடுமுறையைத் தானே எடுத்துக்கொண்டது. இரண்டாம் சனிக்கிழமைகளில் வரவில்லை. அந்த நாட்களில் அங்காளம்மாள் குடை கொண்டுவந்தாள். தொட்டி நிறைந்திருந்தால் நிழல் கருகருவென்று இருக்கும், தண்ணீர் இறங்க இறங்க வெளுக்கும். ‘தயாளு, தண்ணி தீந்துட்ச்சி, மோட்டார் போடு’ என்று அங்காளம்மாள் எதிர்ச்சாரியிலிருந்து குரல் கொடுப்பது தெருவுக்குப் பழகிப்போனது. ஒருவர் மட்டும், நிழல் பொது இடத்தை ஆக்கிரமித்திருப்பதாகப் புகார் கொடுக்கத் தாம்பரம் போனார். மனு எழுதத் தயாளன் கடைக்கே போய்விட்டதால், டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஜெரூஷா இரண்டாம் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு. மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூன்று மணி வரை உட்கார்ந்தார். போனில் நிழல் ஏறியது, தரையில் ஏறவில்லை. போனை இரண்டு முறை அணைத்துப் போட்டார். கைப்பிடிச் சுவரோரம் போய் எதிர்ச்சாரியைப் பார்த்தார். கீழே இறங்கிப் போய், நிழலுக்குள் நின்று, இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு மேலே வந்தார். பன்னிரண்டு மணிக்குச் சதுரத்தில் கிடந்த அரைச் செங்கல்லைத் தூக்கி, மனுவை எடுத்து, நின்றபடியே படித்தார். மூன்றாம் பத்தி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துச் செங்கல்லையும் வைத்தார். ஒரு மணிக்குச் சந்திரிகா எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் கொண்டுவந்தாள்.

“தொட்டிய நகர்த்தவே இல்லையாக்கா?” என்று கேட்டார் ஜெரூஷா. முதல் நாள் சந்திரிகாவை ‘மேடம்’ என்றுதான் அழைத்திருந்தார்.

“இல்லம்மா.”

“நகர்த்த வேணாம். சாப்பாடு நல்லா இருக்கு.”

அறிக்கையில் அவர் எழுதியது ஒரே வரி: குறிப்பிட்ட இடத்தில் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை நிழல் விழவில்லை, நேரில் கண்டேன். அப்படியானால் நிழல் எங்கே விழுகிறது என்று மேலதிகாரி கேட்டதற்கு, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை சார் என்றார் ஜெரூஷா. அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். இல்லைதான். கையெழுத்தாயிற்று.

மாசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் நடந்தது. சந்திரிகா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். தெருவே சாப்பிட்டது. நிழல் அன்றும் ஒன்பது மணிக்குப் பணிக்குப் போனது. அதன் பிறகு வருஷங்கள் ஓடின. பேனல் வரவில்லை. முதல் வருஷம் வீட்டுக் கடன், இரண்டாம் வருஷம் ஜெராக்ஸ் மிஷின் மாற்ற வேண்டியிருந்தது, மூன்றாம் வருஷம் சும்மாவே வரவில்லை. தயாராக இருந்த வீடு தயாராகவே இருந்தது. அந்தச் சதுரம் நாள் பூராவும் வெயிலைக் குடித்ததில் கீழே ஹால் தோசைக்கல் போலக் காய்ந்தது. பதினொரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாமல் சந்திரிகா, தெருவைக் கடந்து, தன் வீட்டுத் தொட்டியின் நிழலில் அங்காளம்மாள் பக்கத்தில் சாக்கு போட்டு உட்கார ஆரம்பித்தாள். சும்மா உட்காருவானேன் என்று கீரை ஆய்ந்து கொடுத்தாள். ஆய்ந்த கீரை வேலைக்குப் போகிறவர்களிடம் நன்றாக விற்றது. பிறகு வாழைப்பூவும் ஆய்ந்தார்கள். அப்படி ஒரு சித்திரை மாதம், வாழைப்பூவில் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, சந்திரிகா தன் மூன்றையும் சொன்னாள். அங்காளம்மாள் கையை நிறுத்தாமல், “எனக்கு ரெண்டு” என்றாள். ஒன்று சத்துணவுக் கூட வாசலிலேயே கலைந்தது, ஒன்று பிறந்து பேர் வைத்த பிறகு போனது. பேர் உதயா. யாரோ வந்து கீரை என்ன விலை என்று கேட்டார்கள், சந்திரிகாதான் சொன்னாள்.

இந்த வருஷம் மானியம் கிடைத்தது, பேனல் வந்தது. பொருத்த வந்த கிரீஷ் மாடியை அளந்துவிட்டு, தொட்டி நிற்கும் தென்மேற்கு மூலையும் கிடைத்தால் இன்னும் இரண்டு பேனல் போடலாம், தொட்டி எப்படியும் விரிசல் விட்டிருக்கிறது, புதுசாக வாங்கி எதிர் மூலையில் வைத்துவிடலாமே என்றான். எதிர் மூலை என்றால் வடகிழக்கு. ஈசானியம். படுக்கையறைக்கு நேர் மேலே. தயாளன் அவசரமாக ஒரு தமாஷைத் தேடினார். மேஸ்திரி கோபித்துக்கொள்வார், தொட்டிக்கு மூலை மாறினால் ஜலதோஷம் பிடிக்கும், இப்படி ஏதோ ஒன்றை வாயெடுத்தார். அதற்குள் துணி உலர்த்திக்கொண்டிருந்த சந்திரிகா திரும்பிப் பார்த்தாள்.

“வைங்களேன்” என்றாள். “தண்ணித் தொட்டிதானே.”

சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினாள். தயாளன் கிரீஷுக்கு டீ கொண்டுவருவதாகக் கீழே இறங்கினார். டீ வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. மாடிப்படியில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து வீட்டு மாடிக் குடித்தனக்காரர்கள் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

பழைய தொட்டியைத் திங்கட்கிழமை இறக்கினார்கள். காயலான் கடைக்காரர் கூறுபோட்டு எடுத்துப் போனார். புதுத் தொட்டி ஈசானியத்தில் ஏறியது. அதன் நிழல் சாதுவாக வடக்குப் பக்கச் சந்தில் விழுந்து, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் இருந்தது. அங்காளம்மாள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்வி. மறுநாள் குடையோடுதான் வந்தாள். ஒன்பது அடிக்க இரண்டு நிமிஷத்துக்கு முன்பே தெருவில் ஏழெட்டுப் பேர் வேலை இருப்பது போல நின்றார்கள். ஒன்பது மணிக்கு, ஆறு பேனல்கள் பளபளத்த மாடியிலிருந்து, இல்லாத தொட்டியின் நிழல், மூடிக் குமிழும் நாலு காலுமாக, சுவரில் மடிந்து இறங்கி வந்தது. ஒரு ஸ்கூல் வேனுக்கு வழிவிட்டு நின்றது. கடந்து போய் அங்காளம்மாளின் மேல் விழுந்தது. அவள் குடையை மடக்கிச் சாக்குக்கு அடியில் வைத்தாள். நின்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அதற்குத் தொட்டி எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பதினொரு மணிக்குச் சந்திரிகா முறத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போகிறாள். சிறுகீரை கட்டு பதினைந்து ரூபாய், ஆய்ந்தது இருபத்தைந்து. நிழலுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது.